மைக் கூவுன அன்னைக்கு

நான் எங்கயும் எந்திரிச்சு ஓடிற மாட்டேன் தம்பி. எம்மவன் சொல்லிட்டுப் போனாங்கிறதுக்காக என்னையவே இப்படிக் கண்ணு கொட்டாமப் பாத்துக்கிட்டு இருக்காதீங்க, கூச்சமா இருக்கு. ஸ்கேன் படம் வாங்க அந்தக் கட்டடத்துக்குப் போறவன் போனமா வந்தமான்னு போக வேண்டியதுதான. முன்னப்பின்ன தெரியாத உங்ககிட்ட வந்து குனிஞ்சு, அண்ணே, அப்பாவக் கொஞ்சம் பாத்துக்கங்க, எங்கிட்டாச்சும் போயிருவாருன்னு சொல்லிட்டுப் போறான். அவன் வாயைப் பாத்தாலே தெரியாதா எனக்கு. பெத்தவன் நான்.

நீங்க இங்கிட்டுத் திரும்பி உக்காருங்க. ஆமா, சன்னலப் பாத்தாப்புல. இங்கிட்டுத்தான் வெளிச்சமும் காத்தும் வரும். உங்க வீட்டுல யாருக்கு, அம்மாவுக்கா? உள்ளதான் இருக்காகளா. சரி, சரி. கவலப்படாதீங்க, இந்தக் கூட்டத்தப் பாருங்க, மதுரையில பாதிப் பேருக்கு மண்டையில கோளாறுங்கிற மாதிரி இருக்கு. வயசானவுகள எல்லாம் புடிச்சுக் கொண்டாந்து வரிசையில உக்கார வச்சிருக்காய்ங்க.

என் பேரு முத்துக்கருப்பன். அவனியாபுரம். முத்து சவுண்ட் சர்வீஸ்னு கேள்விப்பட்டிருப்பீங்களே. இல்லையா? மேலூர்ப் பக்கம்னா தெரியாதுதான். இங்கிட்டு வில்லாபுரத்துல இருந்து பெருங்குடி வரைக்கும் கல்யாணமா, சடங்கா, கோயில் கொடையா, நம்ம செட்டுத்தான் போகும். தைப்பொங்கலுக்கு ஜல்லிக்கட்டு நடக்குதுல்ல, எம்மவன் சிவபாண்டி பொறக்கிறதுக்கு முன்னாடி இருந்து அதுக்கு மைக் நம்ம மைக்குத்தான். மொத மாடு அவுக்கிறதுல இருந்து கடைசி மாடு வெளியேறுற வரைக்கும் சத்தத்தக் கூட்டிக் கொறைக்கிற ஆம்ப்ளி முன்னாடி நான்தான் உக்காருவேன். எச்சித் துப்பக்கூட எந்திரிக்க மாட்டேன். கூட்டம் போடுற கூச்சல்ல மைக்குல பேசுறவன் குரலு மேல நிக்கணும், ஸ்பீக்கர் பாக்ஸும் கிழியக் கூடாது. அது ஒரு பக்குவம்.

இந்த வருசம் நீங்க வீட்டுல இருங்கப்பா, நான் பாத்துக்கிறேங்கிறான். எவன், நான் சோறு போட்டு வளத்த பய. ஏன்டான்னு கேட்டா, உங்களுக்கு மறதி வந்துருச்சு, கமிட்டியில ஒரு மாதிரி பேசிக்கிறாய்ங்க, டாக்டரு சரின்னு சொன்னா உக்காருங்கங்கிறான். அதான் இன்னைக்கு இங்க கொண்டாந்து உக்கார வச்சிருக்கான். படத்தப் பாத்துட்டு அந்த டாக்டரு மறதி வியாதின்னு எழுதிட்டாருன்னு வைங்க, அம்புட்டுத்தான். ஆம்ப்ளிப் பக்கம் என்னைய அண்ட விட மாட்டாய்ங்க. அதுக்கப்புறம் நான் வீட்டுல கெடந்து என்னத்தப் பண்ண, பல்லிய எண்ணவா.

வீட்டுல நடக்குற கூத்தக் கேளுங்க. எம்மருமக சரண்யாதேவி, நல்ல புள்ளதான், கொறை சொல்லக் கூடாது. ஆனா அந்தப் புள்ள போன்ல எதையாச்சும் பாத்துச்சுன்னா அது மறுநாள் என் தட்டுல வந்து விழுந்துரும். விடிஞ்சதும் வல்லாரைச் சாறு. தூத்தேறி, அத நீங்க குடிச்சிருக்கீங்களா? குடிச்சுப் பாருங்க, எல்லாமே மறந்துபோகும். அதுக்கப்புறம் ஊற வச்ச பாதாம், அதுக்கப்புறம் வால்நட்டு. அதப் பாத்தீங்களா, மூளை மாதிரியே இருக்கும், அதனால மூளைக்கு நல்லதாம். அப்படிப் பாத்தா அவரைக்காய் காது மாதிரி இருக்கு, அதைத் தின்னா காது நல்லாயிருமா? டீக்குச் சீனி கெடையாது. சோத்துல உப்பு கெடையாது. பீடியக் கண்டா எம்பொண்டாட்டி ஒச்சாயி புடுங்கி அடுப்புல போட்டுர்றா. போட்டது போட்டாச்சு, நானும் விட்டுட்டேன், அது என்னமோ நல்லதுக்குத்தான். இருமல் நின்னுருச்சு.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கிருவேன் தம்பி. காலையில பரிச்சை வைக்குது பாருங்க, அதுதான் ஆகல. காபித் தண்ணியக் கையில குடுத்துட்டு எதுத்தாப்புல நின்னுக்கிட்டு, மாமா, இன்னைக்கு என்ன கெழமைங்குது. செட்டுக்காரன்கிட்டக் கேக்குற கேள்வியா இது? ஆவணியில எத்தனை முகூர்த்தம், எது வளர்பிறை, எது தேய்பிறை, எந்த மண்டபத்துல எந்தப் பிளக்குல கரண்டு வராது, அம்புட்டும் எனக்கு மனப்பாடம். அதுக்கிட்டப் போயி வியாழக்கெழமைம்மான்னு ஒண்ணாப்புப் பையன் மாதிரி ஒப்பிச்சுக்கிட்டு நிக்கிறேன். சரியாச் சொல்லிட்டா கட்டைவெரலத் தூக்கிக் காட்டுது. என்னைய என்னன்னு நெனச்சுக்கிட்டிருக்கு.

எம்மவன் அவம்பங்குக்கு வீடு பூராம் துண்டுக் காகிதம் ஒட்டி வச்சிருக்கான். கேஸை அணைக்கவும். மோட்டரை அணைக்கவும். செருப்பை மாத்திப் போட வேண்டாம். பாத்ரூம் கதவுல பாத்ரூம்னு ஒட்டியிருக்கான் தம்பி. விருந்தாளி வந்து பாத்துட்டுச் சிரிச்சுட்டுப் போறாய்ங்க. மோட்டர அணைக்காம நான் விட்டது உண்மைதான், இல்லைங்கல. தொட்டி ரொம்பி மாடியில இருந்து தண்ணி கொட்டியிருக்கு, நான் கீழ உக்காந்து பேப்பர் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். அது மறதியா? கவனிக்கல, அம்புட்டுத்தான்.

அட, நீங்களும் தலையாட்டுறீங்க. உங்கம்மாவும் அப்படித்தானா? குக்கரா? விசில் அடிச்சுக்கிட்டே கெடக்கா? ஆமா தம்பி, அது எல்லா வீட்டுலயும் உள்ளதுதான். அதுக்கெல்லாம் ஸ்கேன் எடுக்கணும்னா வெளங்குமா.

அந்தா, செவுத்துல டிவி இருக்கு பாருங்க. சத்தமில்லாம எழுத்து மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு. வந்ததுல இருந்து அதத்தான் வாசிச்சுக்கிட்டு இருக்கேன். மூளையைப் பாதுகாப்பது எப்படின்னு போட்டிருக்கான். சக்கரைய அடக்கி வைக்கணுமாம். பிரஷரப் பாத்துக்கணுமாம். பீடி, சிகரெட்டு, தண்ணி கூடாதாம். தலையில அடிபடாமப் பாத்துக்கணுமாம். அத ஜல்லிக்கட்டு ஊருல வந்து சொல்றான் பாருங்க. நல்லா நடக்கணும், நல்லாத் தூங்கணும், நாலு பேரோட பேசிப் பழகணும், தனியா மொடங்கிக் கெடக்கக் கூடாது. அடுத்தாப்புல காதுன்னு என்னமோ ஓடுது. அத விடுங்க. இதெல்லாம் ஒரு மனுசனால ஆகிற காரியமா? இம்புட்டையும் செஞ்சுக்கிட்டு இருந்தா பொழப்ப எப்பப் பாக்குறது.

நாலு பேரோட பேசணும்னு அவன் சொல்லிட்டான். எங்கிட்டுப் போயிப் பேச? முந்தி சாயங்காலமானா பஸ்டாண்டு டீக்கடையிலதான் கெடப்பேன். பெயிண்டர், பந்தல்காரரு, சமையல் மாஸ்டருன்னு எங்க செட்டு ஒண்ணு இருந்துச்சு. இப்பப் போறதில்ல. பிடிக்கல. கசகசன்னு ஒரே நேரத்துல நாலு பேரு பேசுவாய்ங்க, எவன் எதுக்குச் சிரிக்கிறான்னு ஒண்ணும் வெளங்காது. நாமளும் பல்லக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும். போன் வந்தா எடுக்கிறதும் இல்ல. ஒச்சாயி எடுத்துப் பேசி என்னன்னு எங்கிட்டச் சொல்லுவா. அவளுக்குக் கொரலு குழாய் ரேடியோ மாதிரி, தெருமுக்குல நின்னு பேசுனாலும் வெளங்கும். எங்க வீட்டுல எல்லாருமே கத்தித்தான் பேசுவோம் தம்பி, செட்டுக்காரன் வீடு வேற எப்படி இருக்கும். ஜெனரேட்டருக்கும் பாக்ஸுக்கும் நடுவுல நின்னு பேசிப் பேசி அப்படியே பழகிப்போச்சு. எம்மருமக ஒண்ணுதான் மெதுவாப் பேசும், அது வேற ஊருப் புள்ள.

இல்ல, இல்ல, சண்ட ஒண்ணும் கெடையாது. அந்தப் புள்ள மரியாதையாத்தான் இருக்கும்.

வினை எங்க பிடிச்சுச்சு தெரியுமா, அழகர்கோவில்ல. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு காதுகுத்து. எங்க ஊரு ஆளுகதான், வேண்டப்பட்டவுக. முடியெறக்கிக் காது குத்தி, கெடா வெட்டி, மலையடிவாரத்துல பந்தலு. தாய்மாமன் சீரு வருது, மேளத்தோட. நான்தான் ஆம்ப்ளியில உக்காந்திருக்கேன். எம்மவன் அங்கிட்டு லைட்டு கட்டப் போயிட்டான், பகல்ல எதுக்குடா லைட்டுன்னா இப்ப அதுதான் பேஷன்ங்கிறான். தாய்மாமன் மைக்க வாங்கி ரெண்டு வார்த்தை பேச வந்தவரு, பாக்ஸுக்கு நேரா வந்து நின்னுட்டாரு. மைக்கும் பாக்ஸும் மொகத்தோட மொகம் பாத்தா என்ன ஆகும்? கீச்சுன்னு ஊளையிடும். கூவும்னு சொல்லுவோம் நாங்க. சின்னப் பய கூட வால்யூம் திருகைக் கொறச்சுருவான், அதுக்கு ஒரு நொடி.

நான் கொறைக்கல. சும்மா உக்காந்திருந்தேன். தாய்மாமனத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன், பட்டு வேட்டியும் மாலையுமா ஆளு நல்லா இருந்தாரு. திடீர்னு பாத்தா பந்தல்ல உள்ளவுக எல்லாம் காதப் பொத்துறாக. காது குத்துன புள்ள வீறிடுது. பொம்பளைக எந்திரிச்சு ஓடுறாக, பந்தியில ஒரு கெழவனாரு எலைய விட்டு எந்திரிச்சுட்டாரு. என்னடா இது, தேனீ கலைஞ்சுருச்சோன்னு அண்ணாந்து மரத்தப் பாக்குறேன் நான். மலைக்காடுல்ல, அப்படி நடக்கும். எம்மவன் அங்கிட்டு இருந்து பாஞ்சு வந்து என்னைத் தாண்டிக் கையவிட்டு ஆம்ப்ளிய அணைச்சான். அணைச்சுட்டு என்னைய ஒரு பார்வை பாத்தான் பாருங்க தம்பி. கோவமா இருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். ஐயோ பாவம்னு பாத்தான்.

அன்னைக்கு முடிவு கட்டுனதுதான். அப்பா அப்படியே சிரிச்ச மொகமா வெறிச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு, சுத்தி என்ன நடக்குதுன்னே தெரியலன்னு வீட்டுல போயிச் சொல்லியிருக்கான். ஒச்சாயி மூக்கச் சிந்திக்கிட்டு அழகருக்கு நேந்துக்கிட்டா. அதுல இருந்துதான் வல்லாரையும் வால்நட்டும்.

நீங்க ஏன் கொறைக்கலன்னு கேக்குறீங்க, அதானே? எல்லாரும் அதத்தான் கேட்டாய்ங்க. ஏதோ யோசனையில இருந்துட்டேன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல.

மொதத் தடவை இங்க வந்தப்ப ஒரு சின்ன டாக்டரம்மா பரிச்சை வச்சுச்சு. மருமகளாச்சும் தேவல, இந்தப் புள்ள மூஞ்சில மாஸ்க்கப் போட்டுக்கிட்டுக் கேள்வி கேக்குது. எதுக்கு மாஸ்க்கு, கொரோனாதான் போயிருச்சுல. கடியாரம் வரையச் சொல்லிக் கையால காட்டுச்சு. வரைஞ்சேன், மணி முள்ளு நிமிச முள்ளு எல்லாம் அச்சுப் போட்ட மாதிரி. தேதி எழுதச் சொல்லுச்சு, எழுதுனேன். கட்டம் போட்ட படத்தப் பாத்து வரையச் சொல்லுச்சு, அதுவும் வரைஞ்சேன். அம்புட்டும் சரி. கடைசியா என்னமோ சில வார்த்தையச் சொல்லிட்டு, கொஞ்ச நேரங்கழிச்சுத் திருப்பிச் சொல்லணும்னு. கொஞ்ச நேரங்கழிச்சுக் கேட்டுச்சு. நான் அந்தப் புள்ள மொகத்தப் பாக்குறேன், எம்மவன் மொகத்தப் பாக்குறேன். மறந்துருச்சும்மான்னு சொல்லிட்டேன். ஒண்ணுகூடவா ஞாபகமில்லன்னு கேட்டுச்சு. ஒண்ணுகூட இல்லம்மான்னேன். குறிச்சுக்கிருச்சு. அம்புட்டுத்தான், முடிஞ்சுபோச்சு என் சோலி.

அதுல இருந்து என்ன ஆச்சு தெரியுமா. வீட்டுல எவனும் எங்கிட்ட எதையும் சொல்றதே இல்ல. அதான் தம்பி எனக்கு ஆத்திரமா வருது. அவருகிட்டச் சொல்லி என்ன, மறந்துருவாருன்னு அவுகளாப் பேசி அவுகளா முடிச்சுக்கிறாக. செட்டுக்குப் புது ஆடியோ மிக்சர் வாங்கியிருக்கான், வீட்டுக்கு வந்தப்புறந்தான் எனக்குத் தெரியும். எம்பேத்தி இருக்கு, யூகேஜி படிக்குது. பள்ளிக்கூடம் விட்டு வந்தா எம்மடியில ஏறி உக்காந்து என்னத்தையாச்சும் சொல்லிக்கிட்டே இருக்கும், கிளி மாதிரி. நான் அப்படியா, அப்படியாங்கணும், அதுதான் அதுக்கு வேணும். இப்ப வந்ததும் அப்பத்தாகிட்ட ஓடிருது. தாத்தாவுக்கு மறதி, அவரத் தொந்தரவு பண்ணாதன்னு சொல்லி வச்சிருக்காக. நேத்து வாசல்ல நின்னு என்னையவே பாத்துட்டு உள்ள போயிருச்சு. அந்த வயசுப் புள்ளைக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்குறாய்ங்க, பாருங்க.

கோவம் வராதுங்கிறீங்களா? எனக்கு வருது. ஆனா யாரு மேல கோவப்பட. நான் கெட்ட கேட்டுக்கு.

அந்தா அந்த நர்சுப் புள்ள கதவத் தெறந்து யாரையோ கூப்பிடுது. என் பேரா? இல்லையா. சரி, இருக்கட்டும். தம்பி, ஒரு ஒத்தாசை பண்ணுங்க. முத்துக்கருப்பன்னு கூப்பிட்டா என் தொடையில ஒரு தட்டு தட்டிருங்க. எனக்குக் கேக்காது.

ஏன் அப்படிப் பாக்குறீங்க. இம்புட்டு நேரம் பேசிக்கிட்டுத்தான இருந்தோம்னா? பேசுனது பூராம் நான் தம்பி. நீங்க பேசுனதுல பாதி உதட்டப் பாத்துப் புரிஞ்சுக்கிட்டது, மீதி குத்துமதிப்பு. சத்தம் கேக்கும், சொல்லுதான் கேக்காது. பக்கத்து வீட்டுல பேசுற மாதிரி மொணமொணன்னு இருக்கும். மேல்சத்தம் சுத்தமாக் கெடையாது. குருவிச் சத்தம், சின்னப்புள்ளைக பேச்சு, அந்தக் கீச்சு, ஒண்ணும் கெடையாது. ஆறேழு வருசமாச்சு. கொஞ்சங் கொஞ்சமாப் போனதுதான், ஒரே நாள்ல போகல. பாக்ஸு மேல கைய வச்சா அதிர்வுல கண்டுக்கிருவேன், ஆம்ப்ளியில லைட்டு எரியும், அதப் பாத்துக்கிருவேன். அதிலேயே காலத்த ஓட்டிட்டேன். அழகர்கோவில்ல மைக்கு கூவுனது எனக்குக் கேக்கவே இல்ல. அந்த டாக்டரம்மா மாஸ்க்குக்குள்ள என்ன கேட்டுச்சுங்கிறதே பின்னால எம்மவன் சொல்லித்தான் தெரியும்; சொன்ன வார்த்தை என்னான்னே எனக்குத் தெரியாது, அத எங்கிட்டுப் போயித் திருப்பிச் சொல்ல.

சொல்லியிருக்கலாம்லன்னு நீங்க ஈசியாக் கேட்டுருவீங்க. கண்ணு தெரியாத டிரைவரு ஓட்டுற பஸ்சுல நீங்க ஏறுவீங்களா? காது கேக்காதவன் செட்ட எவன் கூப்பிடுவான்? நம்ம ஊருல மறதின்னா ஐயோ பாவம்பாய்ங்க. பெரிய பெரிய படிப்பாளிக்கே வருதுன்னு ஆறுதலு சொல்லுவாய்ங்க. செவிடுன்னா சிரிப்பாய்ங்க தம்பி. முதுகுக்குப் பின்னாடி நின்னு என்னத்தையாச்சும் சொல்லிட்டுத் திரும்பிப் பாக்குறானான்னு பாப்பாய்ங்க. எங்க தொழில்ல ஒருத்தன் காதுக்கு மிசினு மாட்டிக்கிட்டு வந்தான், அதோட அவன் பேரே மிசினாயிருச்சு. அந்த டாக்டரம்மா எழுதுன தாள்ல காது எப்படின்னு ஒரு கேள்வி இருந்துச்சு. எம்மவன் சிரிச்சுட்டான். எங்கப்பா சவுண்ட் சர்வீஸ்ம்மான்னான், பெருமையா. அந்தச் சிரிப்பப் பாத்ததுக்கப்புறம் நான் எப்படி வாயத் தெறப்பேன்.

அதனால மறதின்னே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். என்ன கேட்டாலும் புரியலன்னா மறந்துருச்சுன்னு சொல்றது. நல்லா உதவுச்சு.

அப்ப உங்களுக்கு மறதியே கெடையாது, சந்தோசப்பட வேண்டியதுதானங்கிறீங்க. நானும் அப்படித்தான் தம்பி எகத்தாளமா இருந்தேன். இவய்ங்க வல்லாரை குடுக்கக் குடுக்க உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டுத்தான் குடிச்சேன். போன செவ்வாக்கெழம எல்லாரும் எழவு விழுந்த ஒரு துட்டி வீட்டுக்குப் போயிட்டாக. நான் மட்டும் வீட்டுல. பொங்கலுக்குச் செட்ட ஓட்டிப் பாப்போம், நமக்கு என்ன கொறைஞ்சுபோச்சுன்னு ரோசத்துல போயி உக்காந்தேன். எங்க தொழில்ல கரண்டு போடுறதுக்கு ஒரு வரிசை இருக்கு. மொத மிக்சர், கடைசியா ஆம்ப்ளி. அணைக்கும்போது தலைகீழ. மாத்திப் போட்டா டம்முன்னு அடிச்சு ஸ்பீக்கர் போயிரும். எம்மவன் ட்ரவுசர் போட்டுத் திரிஞ்ச காலத்துல அவன் கையைப் பிடிச்சு நான் சொல்லிக்குடுத்த மொதப் பாடமே அதுதான். இத்தன வருசத்துல ஒருக்காகூட யோசிச்சுப் போட்டது கெடையாது, கையி தானாப் போகும்.

கை போகல தம்பி. ரெண்டு சுவிச்சுக்கும் நடுவுல அப்படியே நின்னுருச்சு. எது மொதல்லன்னு பாக்குறேன், பாக்குறேன், தெரியவே இல்ல. புதுசா ஒருத்தன் வந்து பாக்குற மாதிரி பாக்குறேன். கடைசியில குருட்டாம்போக்குல ஒண்ணப் போட்டேன், இன்னொண்ணப் போட்டேன். டம்முன்னு அதிர்வு நெஞ்சுல வந்து அடிச்சுச்சு. பெரிய பாக்ஸுக்குள்ள ஸ்பீக்கர் பேப்பரு கிழிஞ்சு தொங்குது. அதக் கழட்டிச் சாக்குல சுத்திப் பரண்ல போட்டு வச்சிருக்கேன், இன்னும் எவனும் பாக்கல.

அது கேக்காததுனால வந்தது இல்ல தம்பி. அது நெசம்.

அந்த டிவியில நான் வாசிக்காம விட்டேன்ல, அதுல என்ன ஓடுதுன்னா, காது மந்தமாயி அதக் கவனிக்காம விட்டா மறதி வர்றதுக்கு வாய்ப்புக் கூடுமாம். காதுக்குச் சேதி வரலன்னா மூளைக்கு வேலை கொறைஞ்சுபோயிருமாம். ஆளு பொழங்காத வீடு மாதிரி. அதோட நாமளா நாலு பேர விட்டு ஒதுங்குறதும் சேந்துக்கிருமாம். இன்னைக்குத்தான் வாசிச்சேன், திரும்பத் திரும்ப ஓடுது, எத்தனை தடவை கண்ண மூடிக்கிறது. இப்பப் பாத்துக்கிட்டாலும் பிரயோசனம் உண்டுன்னும் போடுறான். உண்டா என்னான்னு அந்த டாக்டருகிட்டத்தான் கேக்கணும். கேக்கணும்னா மொதல்ல சொல்லணும்ல.

சொன்னா ஆம்ப்ளி போச்சு. இந்தத் தைக்கு மட்டுமில்ல, எந்தத் தைக்கும் இல்ல. ஊரு பூராம் தெரிஞ்சுபோகும், காதுல மிசின மாட்டிக்கிட்டு டீக்கடைக்குப் போகணும். போகட்டும் தம்பி. சிரிக்கிறவன் சிரிச்சுட்டுப் போறான். அந்தச் சுவிச்சு போன மாதிரி ஒருநாள் எம்பேத்தி பேரும் போயிருச்சுன்னா நான் என்ன பண்ணுவேன். எனக்குப் பயமா இருக்கு தம்பி. வெளியில சொல்லல, அம்புட்டுத்தான்.

என்ன தட்டுறீங்க? என் பேரா? நெசமாத்தானா? சரி, வாரேன். உங்கம்மாவுக்கும் காதப் பாக்கச் சொல்லுங்க. எம்மவன் வந்தா வெளிய நிக்க வேணாம்னு சொல்லி உள்ள அனுப்பிருங்க. அவன் இல்லாம சொல்லிட்டேன்னா, மறுக்கா ஒருதடவை சொல்றதுக்கு எனக்குத் தெம்பு கெடையாது.